'டு' விழாத கீபோட்

எங்கள் வீட்டு அலுமாரியில் மூன்று தட்டுகள். ஒன்றில் மனைவியின் சீலைகள், மற்ற இரண்டிலும் என் பழைய கீபோட்டுகள். எத்தனை என்று கேட்காதீர்கள், எண்ணினால் எனக்கே வெட்கமாக இருக்கும். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. சம்பள நாளில் மற்றவர்கள் மீன் வாங்கப் போக, நான் பழைய இரும்புக் கடையில் குந்தியிருந்து, மஞ்சள் பிடித்த கீபோட்டுகளை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பேன். கடைக்காரர் முன்பெல்லாம் "வாங்க ஐயா" என்பார். இப்போது சிரிப்பதோடு சரி.

அந்தக் காலத்து விசையை அமுக்கினால் விரல் ஆழமாக இறங்கும், அடியில் 'டக்' என்று கேட்கும். அதைக் கேட்டால் நான் ஏதோ பெரிய அலுவல் பார்ப்பதாக எனக்கு எண்ணம் வந்துவிடும். அடிப்பது பெரும்பாலும் லீவுக் கடிதம். நான் பழகிய பழைய தமிழ் எழுத்துருவில், மெய்யெழுத்துக்குக் குற்று வைப்பது ஆங்கில அரைப்புள்ளி விசை. ஆகவே அந்த விசை தேய்ந்து வழுவழுத்திருந்தால் அது தமிழ்க் கடிதம் அடித்த கீபோட். இந்தக் கண்டுபிடிப்பை ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரருக்கு விளக்கினேன். பாயாசம் எடுத்து வருகிறேன் என்று எழும்பிப் போனவர் திரும்பி வரவில்லை.

என் செல்லக் கீபோட், சீனன்குடாப் பக்கத்துக் கடையொன்றில் எடுத்தது. அதில் ஒரே ஒரு குறை. இடப்பக்க ஷிப்ட் சிலவேளை பிடிக்காது.

மனைவி ஆசிரியை. தம்பலகாமத்துக்கும் அப்பால் பள்ளிக்கூடம். ஏழு வருசமாக விடியமுன் எழும்பி இரண்டு பஸ் மாறிப் போகிறாள், முழங்கால் நோவோடு. போன வருசம் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் வந்தது. இடமாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் அறிவிக்கச் சொல்லிக் கடிதம். அவள் பேனையை எடுத்தாள். நான் விடவில்லை.

"நான் அடிச்சுத் தாறன்."

"ஒரு வரிதானே. அதுக்குமா உங்கட கீபோட்?"

"ஒரு வரியெண்டாலும் வடிவா இருக்கோணும்."

அந்த எழுத்துருவில் 'ட' விசையை ஷிப்டோடு அமுக்கினால்தான் 'டு' விழும். 'வேண்டும்' என்று அடித்தேன், ஷிப்ட் பிடிக்கவில்லை. 'மேற்படி இடமாற்றம் எனக்கு வேண்டம்' என்று திரையில் நின்றது. அவள் பையோடு வாசலில், பஸ்ஸுக்கு நேரமாகிறது. பிழையைக் கண்டுபிடித்த பெருமையில், 'ட'வுக்குப் பக்கத்துத் துணைக்கால், அதுதான் அரவு, விட்டுப்போச்சு என்று ஓர் அரவு போட்டேன். அச்செடுத்தேன். என் தொழிலை நம்பி வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள்.

அடுத்த மாதம் பதில் வந்தது. தங்கள் விருப்பப்படி இடமாற்றம் இரத்துச் செய்யப்பட்டது. குசினி வாசலில் நின்று இரண்டு தரம் வாசித்தாள். பிரதியைக் கேட்டாள். நான் எழுதுவினைஞன், பிரதி இல்லாமலா? எடுத்துக் கொடுத்தேன்.

ஓடிப்போய்க் கல்வி அதிகாரியிடம் ஷிப்ட், 'டு', அரவு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு, இனி ஏலாது. அடுத்த முறை பாப்பம்" என்றவர், "நீங்கள் என்ன வேலை?" என்று கேட்டார்.

துறைமுகப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். விடியப்புறம் கட்டில் நுனியில் இருந்து முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பாள், நான் நித்திரை போலக் கிடப்பேன். அவளுடைய ஒரு வருசத்தை ஓர் எழுத்தால் நான்தான் தின்றேன். கீபோட்டை எறியவென்று தூக்கினேன். பிறகு ஷிப்டைக் கழற்றித் துடைத்தேன், இப்போது நன்றாக வேலை செய்கிறது. இதை அவளிடம் சொல்லுமளவுக்கு நான் மடையனில்லை.

இந்த வருசமும் அதே கடிதம் வந்தது. மேசையில் இருந்து பேனையால் எழுதினாள். நான் கொஞ்ச நேரம் பின்னால் நின்றேன்.

"எழுத்துப் பிழை ஏதும் இருக்கோ எண்டு பாக்கட்டோ?"

தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள், ஒவ்வோர் எழுத்தாக.