ஏழு நிமிஷம் மூத்தவளின் முகம்

எங்கள் தெருவில் கண்ணாடிக்காரி என்றால் ஒருத்திதான். என் பக்கத்து வீடு. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கிறாள். வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவருடைய முகத்துக்கு ஏற்ற ஃபிரேமை எடுத்து வைத்துவிடுவாள். "உங்க இடது காது வலது காதைவிட ஒரு நூல் மேல இருக்கு சார்" என்று ஒருவரிடம் சொன்னாள். அறுபது வருஷமாக அந்தக் காதுகளோடு குடித்தனம் நடத்தியவர், அன்றைக்குத்தான் சேதி தெரிந்துகொண்டு, வீடு போய்ச் சேரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டே போனார்.

ஊர் முகத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவள் தன் முகத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டு வயதிலேயே வெள்ளெழுத்து வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க என்னிடம் வருவாள். கடைச் சீட்டைக் கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிப் படிப்பாள். கடை முதலாளி நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

"ஏம்மா, உனக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டா மூக்கு தேஞ்சா போயிடும்?"

"மூக்கு தேயாது சார். முகம் மாறிடும்."

"மாறட்டுமே. எத்தனை நாளைக்கு இதே முகத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப?"

"அது என் முகம் இல்ல சார்."

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதே இல்லை.

அவள் இரட்டைப் பிள்ளைகளில் இளையவள். மூத்தவள் ஏழு நிமிஷம் முந்திக்கொண்டு பிறந்தாள். போவதிலும் முந்திக்கொண்டாள்: இருபத்தாறு வயதில், மூன்று நாள் காய்ச்சலில். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதை வாண்டு என்று கூப்பிடுவோம். குழந்தையின் அப்பன், கல்யாண ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். அடுத்த வருஷமே வேறொரு ஆல்பம் போட்டான் என்று கேள்வி. வீட்டில் மிஞ்சியவை இரண்டு படங்கள். இரண்டிலும் இரட்டையர் ஒரே சட்டை, ஒரே தலைவாரல். எது மூத்தது என்று இரட்டையரின் அம்மாவைக் கேட்டால், காலையில் ஒன்றைக் காட்டுவாள், சாயங்காலம் மற்றதைக் காட்டுவாள்.

குழந்தை ஒரு நாள் கேட்டது. "சித்தி, எங்கம்மா எப்படி இருப்பாங்க?"

"என்னைப் பாரு. இதேதான்."

அன்று ஆரம்பித்தது. தினமும் பாடம் எழுதி முடித்ததும், "சித்தி, கொஞ்ச நேரம் அம்மாவா இரு" என்று வாண்டு முட்டியில் தாடையை வைத்து உட்கார்ந்துகொள்ளும். இவள் எதிரில் உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பாள். இரண்டு பேரும் பேசக் கூடாது, இவள் குரல் வேறு. கையை ஆட்டக் கூடாது, கை சித்தியின் கை. ஐந்து நிமிஷம், படம் மாதிரி. அந்த வீட்டில் அதற்குப் பெயர் அம்மா நேரம். மற்ற வீடுகளில் பிள்ளைகள் வீட்டுப் பாடத்துக்கு அழும். இந்த வீட்டில் ஒரு பிள்ளை, சுவருக்கு அந்தப் பக்கம், மூச்சுக்கூட விடாமல் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் எனக்குப் பாத்திரம் உருட்டக் கை வராது.

ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "முகம் நாற்காலி மாதிரி ஆயிடுதுக்கா. நான் எழுந்து இடம் குடுக்கறேன், அவ வந்து உக்காந்துக்கறா. நேரமாச்சு, எழுந்திருன்னா சில நாள் எழுந்திருக்கறதில்ல."

"எழுந்திருக்காட்டி என்ன பண்ணுவ?"

"அவ முகத்தோடயே சாப்பிட்டுட்டுப் படுத்துடுவேன்."

கடையில் பதினான்கு நிலைக்கண்ணாடிகள். காலையில் கடை திறந்ததும் அவற்றைத் துடைப்பது அவள் வேலை. பதிமூன்றில் தான் தெரிவதாகவும், ஒன்றில் மட்டும் மூத்தவள் நிற்பதாகவும் சொன்னாள். எந்த ஒன்று என்பது தினமும் மாறுமாம்.

"ரெண்டு பேரும் ஒண்ணுபோல இருக்கறவங்கதானே? அவதான்னு எப்படித் தெரியும்?"

"அவ கையில துடைக்கிற துணி இருக்காது."

நான் இதையெல்லாம் அப்படியே நம்புகிற ஆள் இல்லை. என் மூக்குக்கண்ணாடி ஃபிரேமில் திருகாணி தளர்ந்துவிட்டது என்று சாக்கு வைத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் கடைக்குப் போனேன். அவள் நடுவில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கண்ணாடியாக எண்ணினேன். பதிமூன்றில் துணி இருந்தது. பதினான்காவது பக்கம் தலையைத் திருப்புவதற்குள் என் கால் தானாக வாசலுக்கு வந்துவிட்டது. உங்கள் கால் வந்திருக்காதா? திருகாணி இன்றைக்கும் தளர்ந்துதான் இருக்கிறது.

இருபத்தாறில் நின்றுபோன முகத்தை, நிற்காமல் வயதாகிக்கொண்டிருக்கும் ஓர் உடம்பின் மேல் வைத்துக் காப்பது லேசான வேலையா? அவள் அதை வேலையாகவே செய்தாள். வெயிலில் குடையில்லாமல் நாலு அடி வைக்க மாட்டாள். மழை விட்டும் குடை மடங்காது. காலையில் எழுந்ததும் செம்பு நிறையத் தண்ணீர் குடிப்பாள். சோப்பு முகத்தில் படாது, பயத்த மாவுதான். அதையும் தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். கழுவிய ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டு நல்லெண்ணெய். ஒரு நாள் கற்றாழைச் சோறு, ஒரு நாள் தேன், ஒரு நாள் நன்றாகக் கனிந்த பப்பாளி. தலையணையில் கன்னம் அழுந்தினால் கோடு விழும் என்று மல்லாந்தே படுப்பாள், பெட்டியில் வைத்த பொம்மை மாதிரி. முட்டை வெள்ளையும் ஒரு காலத்தில் பூசினாள். அது ஒரு மணி நேரம் தோலை இழுத்துப் பிடிக்கும். பிறகு, போன விருந்தாளி பையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வருகிற மாதிரி எல்லாச் சுருக்கமும் திரும்பி வரும். இவ்வளவு பார்த்ததில் எனக்குப் பட்டது, குடையும் தூக்கமும் செய்ததில் கால்வாசிகூடக் கிண்ணத்தில் குழைத்தவை செய்யவில்லை. சொன்னால் கேட்பாளா?

இவை போதாதென்று சிரிப்பையும் அழுகையையும் நிறுத்தினாள். இரண்டும் முகத்தைக் கசக்கும். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது இவள் பீங்கான் தட்டு மாதிரி நிற்பாள். வாண்டு பள்ளியில் முதல் பரிசு வாங்கி வந்தபோதும் வாய் மட்டும்தான் "நல்லது கண்ணு" என்றது.

ஆனாலும் கோடு விழுந்தது. நாற்பத்தைந்தில், கடைவாசல் வெளிச்சத்தில், இரண்டு கண்ணோரத்திலும் மூன்று மூன்று. அன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நடுப்பகலில் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, அவ போயிட்டிருக்கா."

முதலாளி சொன்னதைத்தான் நானும் சொன்னேன். "எழுத்துத் தெரியாம கண்ணை இடுக்கி இடுக்கித்தான்டி கோடு விழுது. ஒரு கண்ணாடி போட்டா நின்னுடும்."

"அவ கண்ணாடி போட்டதில்ல."

கண்ணாடி போட்டால் அக்காவின் முகம் இல்லை; போடாவிட்டால் கோடு விழுந்து அக்காவின் முகம் இல்லை.

அதற்குள் வாண்டு படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலைக்குப் போயிருந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை வரும். வரும்போதெல்லாம் இவள் வீட்டில் மங்கல் விளக்காக மாற்றிப் போடுவாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். "என்ன சித்தி, குகையா இது?" என்று கேட்டால், "கண்ணு கூசுது" என்பாள். அம்மா நேரம் எப்போதோ நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, பெண் வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

போன வருஷம் வாண்டுவிடமிருந்து போன் வந்தது. "சித்தி, வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு இருபத்தாறு. அம்மா வயசு. நான் வரேன். ஒரே ஒரு தடவை அம்மா நேரம் வேணும். ஜன்னலைத் திறந்து வச்சு, நல்ல வெளிச்சத்துல. மாட்டேன்னு சொல்லாத."

கண்ணாடிக்காரி போனை வைத்துவிட்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அவளுக்கு இருக்கிறது இந்த ஒரு படம்தான்க்கா. அது கிழிஞ்சு போச்சுன்னு ஞாயித்துக்கிழமை தெரிஞ்சிடும்."

அந்த வாரம் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. வெள்ளரிக்காய், பப்பாளி, தேன், தயிர். சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பூச்சுக்குப் பப்பாளியும் தேனும் குழைத்து, இளக்குவதற்குப் பன்னீர் விட்டாள். பன்னீர் என்று நினைத்து விட்டாள். அலமாரியில் பன்னீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில், அதே வெள்ளைத் தண்ணீரோடு இன்னொரு பாட்டில் இருந்தது: கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும், லென்ஸ் துடைக்கிற திரவம். பாட்டில் மேலே எழுதித்தான் இருந்தது. வெள்ளெழுத்துக்காரிக்கு அது எறும்பு ஊர்ந்த தடம். பழ வாசனை அந்தத் திரவத்தின் வாடையையும் மூடிவிட்டது. எரிந்தபோது, கோடுகள் எரிந்து போகின்றன என்று நினைத்து, இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்திருக்கிறாள்.

ஞாயிறு காலையில் நான் பார்த்த முகத்தைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஆகவே குறைத்தே சொல்கிறேன்: தக்காளியை ஆவியில் வைத்து எடுத்து, அதற்கு இரண்டு கண் வரைந்த மாதிரி இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. வீங்கின தோலில் சுருக்கம் எங்கே நிற்கும்?

"கோடெல்லாம் போயிடுச்சாக்கா?" என்று கேட்டாள், வீங்கிய உதட்டால்.

"கோடு மட்டுமா போச்சு? முகமே போச்சுடி!"

பச்சைத் தண்ணீரால் கழுவிக் கழுவி, ஈரத்துணியைப் போட்டுவிட்டு நான் என் வீட்டுக்கு வந்தேன். பத்து மணிக்கு வாண்டு வந்து இறங்கியது. சுவரோரம் நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லாதீர்கள். என் சுவர், என் காது.

ஜன்னல் திறக்கும் சத்தம். துணியை எடுக்கும் சத்தம்.

"சித்தி! என்ன இது?"

"பன்னீர்னு நெனச்சு... கடையில லென்ஸ் துடைக்கிறது..."

"எதை?"

"லென்ஸ் துடைக்கிறதை. முகத்துக்கு."

"துடைச்சதும் தெளிவாத் தெரியுதா?"

வாண்டு சிரிக்க ஆரம்பித்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், தரையில் உட்கார்ந்து சிரித்தது. "சிரிக்காதடி, நான் உனக்காகத்தான்டி..." என்று இவள் கோபமாகத் தொடங்கினாள். முடிக்கவில்லை. முதலில் ஒரு விக்கல் மாதிரி. பிறகு பலகை விரிந்து உடைகிற மாதிரி. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது.

என் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அது இளையவளின் சிரிப்பு இல்லை. அவள் சிரித்து நான் கேட்டு இருபத்து மூன்று வருஷமாகிறது என்றாலும், அவளுடையது மூக்கால் சிரிக்கிற சின்னச் சிரிப்பு என்பது எனக்கு மறக்குமா? இது தொண்டையைத் திறந்து, படியில் குடம் உருள்கிற மாதிரி இறங்கி வரும் சிரிப்பு. இந்தச் சுவருக்குப் பின்னால் இதைக் கேட்டு, "கொஞ்சம் மெதுவாச் சிரிடி" என்று நான் கத்தியது மூத்தவளைப் பார்த்துத்தான். அவளைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனதும் இதே வாசல் வழியாகத்தான்.

பின்புறமாக ஓடினேன். கண்ணாடிக்காரி நாற்காலியில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதும் கொண்டிருந்தாள். வாண்டு சிரிப்பை நிறுத்திவிட்டு, மண்டியிட்டு, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதன் முகம் வெளுத்திருந்தது.

"சித்தி, அசையாத. மூக்கு மேல. மூணு கோடு."

இவள் பதறிக் கையால் மூக்கை மூடினாள். வாண்டு அந்தக் கையைப் பிடித்து இறக்கியது.

"மூடாத. எங்கம்மாவைப் பத்தி எனக்கு இருக்கிற ஞாபகமே இது ஒண்ணுதான். சிரிச்சா கண்ணு மூடிக்கும், மூக்கு மேல மூணு கோடு விழும். நான் விரலை வச்சு எண்ணுவேன். தினமும் அஞ்சு நிமிஷம் உன் முகத்துல அதைத்தான் தேடினேன் சித்தி. நீ ஒரு தடவைகூடச் சிரிக்கல."

"நீ சொல்லலையே."

"நீ பேசக் கூடாதுன்னு சொன்னியே."

நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். வாண்டு விரலை நீட்டி, அந்த வீங்கின மூக்கின்மேல் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. மூன்று வயதுக் குழந்தையின் குரலில் எண்ணியது. அந்த அறையில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

வீக்கம் நாலு நாளில் வடிந்தது. ஐந்தாம் நாள் கண்ணாடிக்காரி கடையில் தனக்கென்று ஒரு ஃபிரேமை எடுத்து, கம்பியை வளைத்து, காதில் மாட்டிக்கொண்டாள். முதலாளி கைதட்டினார். இப்போது ஊசிக்கு நூல் கோக்க என்னிடம் வருவதில்லை. வம்பு பேச மட்டும் வருகிறாள்.

குடையை விடவில்லை. கற்றாழையையும் விடவில்லை. "எனக்கும் ஒரு முகம் இருக்குல்ல, அது நல்லா இருந்தா யாருக்கென்ன நஷ்டம்?" என்கிறாள். ஆனால் வீக்கம் வடிந்த பிறகும் மூக்கின்மேல் அந்த மூன்று கோடுகள் போகவில்லை. அவள் சிரிக்காதபோதும் இருக்கின்றன. தூங்கும்போதும் இருந்தன, நான் பார்த்தேன். இராத கோடு ஒரே நாளில் வந்து தங்குமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. சாயங்காலம் கற்றாழைச் சோற்றைப் பூசும்போது நெற்றி, கன்னம், கண்ணோரம் என்று விரல் வருகிறது. மூக்குக்கு வந்ததும், தூங்குகிற ஒருத்தியைத் தாண்டிப் போகிற மாதிரி, அந்த மூன்றையும் தொடாமல் சுற்றிப் போகிறது.