பாட்டு ஊருக்குப் பொதுவானபோது

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஆண்கள் தங்கள் மனைவியோடு நேராகப் பேச மாட்டார்கள். கோபம் ஒன்றும் இல்லை, வழக்கம் அப்படி. பெரியவர்கள் நடமாடும் வீட்டில் பட்டப்பகலில் பெண்டாட்டியைப் பார்த்து "சோறு போடு" என்பது மரியாதைக் குறைவாம். என் வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்து, "ஆத்தா, சோறு வைக்கச் சொல்லு" என்பார். நான் அங்கேயே சட்டியும் கையுமாக நின்றுகொண்டிருப்பேன். என் மாமியார் என் பக்கம் திரும்பி, "சோறு வைக்கச் சொல்றான்" என்பார். எனக்கென்னவோ காது கேட்காது என்பது போல.

இரவில் அவர் களத்துக்குக் காவலுக்குப் போய்விடுவார். நான் மாமியாரோடு உள்ளே படுப்பேன். பிறகு பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்று கேட்பீர்கள். பிறந்தன. நான் சொல்வது பேச்சை. வந்த புதிதில் எனக்கு அதுதான் பெரிய ஏக்கம். பிறந்த வீட்டில் வாய் ஓயாமல் பேசி வளர்ந்தவள் நான்.

என்னைக் காப்பாற்றியது ஒரு ரேடியோ. கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய தாய்மாமன் ஊரோடு திரும்பி வந்தபோது அதைக் கொண்டுவந்து மருமகனுக்குக் கொடுத்தார். ஆர்.எஸ்.மங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் கிடையாது. செங்கல்லைவிடப் பெரிய பேட்டரி ஒன்றைப் போட்டால் அது பாடும். பேட்டரி தீர்ந்தால் இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய்த்தான் வாங்க வேண்டும். அதனால் சாயங்காலம் அரைமணி நேரம் மட்டும் வைப்போம். கடல் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ மெட்ராசைவிட சிலோன்தான் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அதிலும் சினிமாப் பாட்டு.

தெளிவு என்றால் சும்மா வந்துவிடாது. ரேடியோவிலிருந்து ஒரு கம்பி பனைமரத்து உச்சிக்குப் போகும். இன்னொரு கம்பி ஜன்னல் வழியாக இறங்கி மண்ணுக்குள் போகும். அதற்கு எர்த்து என்று பெயர். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, அந்தக் கம்பியை என் வீட்டுக்காரர் புதைத்திருந்தார். குழி காய்ந்தால் ரேடியோ இரைச்சல் போடும். ஈரமாக இருந்தால் பாடும். எங்கள் சீமையில் மண் எப்போது ஈரமாக இருந்திருக்கிறது? ஆகவே ஒருவர் உள்ளே உட்கார்ந்து திருகைத் திருக வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற வேலை எனக்கு வந்தது.

"ஊத்து புள்ள."

"கேக்குதா?"

"இன்னுங் கொஞ்சம் ஊத்து. ஆங், நில்லு நில்லு. வந்துருச்சு."

அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான். வேலை வேலைதானே, இடையில் ஆள் வைத்தா பேச முடியும்? மாமியாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தண்ணீருக்குத்தான் சண்டை வந்தது. ஊருணியிலிருந்து சுமந்து வரும் தண்ணீர். "குடிக்கத் தண்ணியில்ல, இவ மண்ணுக்குல்ல ஊத்துறா. கூத்தாடிப் பாட்டுக்கு இம்புட்டு சீராட்டா?" என்று கத்துவார். நான் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்ற ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற முருங்கை செழித்துப் போயிற்று.

பாதிக் குடத் தண்ணீரை ஒரு பாட்டு முடியும்வரை ஊற்றும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். ஜன்னலுக்கு உள்ளே அவர், வெளியே நான். பாட்டின் முன்னால் வரும் வயலினைக் கேட்டதுமே எந்தப் படம் என்று யார் முதலில் சொல்வது என்று எங்களுக்குள் போட்டி. படங்களை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் பாடியவர் யார், இசை யார், போன வாரம் எந்தப் பாட்டுக்குப் பின்னால் இது வந்தது, எல்லாம் தெரியும். பாடகிகளின் குரலை அடையாளம் காண்பதில் நான் அவரைவிடக் கெட்டிக்காரி. அவரே ஒத்துக்கொண்டார். ஊரில் எங்கள் இருவரைத் தவிர இந்தப் பைத்தியம் வேறு யாருக்கும் கிடையாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

இந்த விஷயத்தில் அவருக்கு ஆசாரம் அதிகம். என் கொழுந்தனார் ஒருநாள் ஏதோ ஒரு பாட்டுக்கு வேறொரு பாடகியின் பெயரைச் சொல்லிவிட்டார். வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. "ஏலே, வாய்க்கு வந்த பேரைச் சொல்றவனுக்குப் பாட்டு எதுக்குலே?" என்று திட்டிவிட்டு, அன்று முழுவதும் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட ஏர் பிடிக்கிற தம்பியோடு!

அப்புறம் காலம் மாறியது. பஞ்சாயத்துக் கொட்டகையில் ஒரு ரேடியோ வந்தது, மேலே ஸ்பீக்கர் குழாய் கட்டி ஊருக்கே அலற விட்டார்கள். பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் ஒன்று வந்தது. கொழுந்தனார் மதுரைக்குப் போய் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். பனைமரமும் வேண்டாம், குழியும் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார், அது பாடிக்கொண்டே கூடப் போயிற்று. திருப்பாலைக்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கும்போதே புதுப்பாட்டை முணுமுணுத்தாள். எல்லாவற்றையும்விட, கூத்தாடிப் பாட்டு என்று திட்டிய என் மாமியார், "நேரமாச்சே, பாட்டு வையலையா?" என்று சின்ன மகனைக் கேட்க ஆரம்பித்தார்.

எனக்கும் முதலில் சுருக்கென்றது. நாங்கள் இரைச்சலுக்குள் துழாவி எடுத்த பாட்டு இப்படிச் சந்தியில் கிடக்கிறதே என்று தோன்றியது. ஆனால் ஒருநாள் நடவுக்கு வந்த பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று அந்தப் பாட்டுகளில் ஒன்றைப் பாடினார்கள். பாதி வார்த்தை தப்பு. ராகமும் அவர்கள் இஷ்டத்துக்கு இழுத்தது. கேட்டுக்கொண்டே நின்றேன். ரேடியோவில் கேட்டபோது இல்லாத ஒரு குளிர்ச்சி அதில் இருந்தது. என்னை மறந்து நானும் சேர்ந்து பாடிவிட்டேன். அப்போதே என் மனக்கசப்பு போய்விட்டது.

அவருக்குப் போகவில்லை. "வார்த்தைய மாத்திப் பாடுறாளுக" என்று வரப்பிலிருந்து முகத்தைச் சுளித்தார். டிரான்சிஸ்டரைத் தகர டப்பா என்றார். டீக்கடையில் யாராவது பாட்டை ரசித்தால், "இசை யாருன்னு தெரியுமா? சொல்லு பாப்பம்" என்று மடக்குவார். பரீட்சை வைக்கிற வாத்தியாரைக் கண்ட மாதிரி பையன்கள் எழுந்து போனார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் மட்டும் போகாமல், "அண்ணே, நாங்க டீ குடிக்க வந்தோம். கேக்க நல்லாருக்கு, கேக்குறோம். அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டானாம். கடையே சிரித்ததாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கம்பிகளைப் பிடுங்கினார். ரேடியோவைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். "ஆத்தா, இனி தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லு" என்றார்.

"தண்ணி ஊத்த வேணாமாம்" என்றார் மாமியார்.

பாட்டுக்குப் பஞ்சமா? தெருவெல்லாம் பாட்டு. போனது அந்த அரைமணி நேரம். நாள் முழுக்க அடுப்பும் மாடும் பிள்ளையுமாகக் கிடந்தாலும் சாயங்காலம் ஒருவர் என்னைப் பார்த்து "புள்ள" என்று கூப்பிட்டுப் பேசுவார் என்ற நினைப்பில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ரேடியோ வேண்டாம் என்றால் சரி. அதோடு சேர்த்து என்னையும் பரணில் ஏற்றிவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. நானும் சும்மா இருக்கவில்லை. கொழுந்தனாரின் டிரான்சிஸ்டரில் புதுப்பாட்டு ஏதாவது வந்தால், அவர் சாப்பிடும் நேரம் பார்த்து மாமியாரிடம் சொல்வேன்.

"அத்தை, நேத்து ஒரு பாட்டு வந்துச்சே, அது எந்தப் படம்னு கேளுங்க."

"எந்தப் படம்னு கேக்குறா."

"தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாதாம்."

"தெரியாம இருக்காதுன்னு சொல்லுங்க அத்தை."

மாமியார் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டார். "நான் என்ன தபால்காரியா? அங்கிட்டும் இங்கிட்டும் சுமக்குறதுக்கு!"

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. அவரை நேராகப் பார்த்து, மாமியார் முன்னாலேயே, கொழுந்தனார் வாசலில் நிற்கும்போதே சொல்லிவிட்டேன்: "ஊரே கேட்டா என்ன? பாட்டு தேஞ்சா போச்சு? பாட்டு போனா போகட்டும். என்கிட்ட பேசாம இருக்கீகளே, அது எனக்குத் தாங்கல."

அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். வாசலில் நின்ற கொழுந்தனார் ஏதோ வேலை இருப்பதுபோல் மாட்டுக்கொட்டிலுக்குள் போய்விட்டார். மாமியார் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் வெட்கமும் அழுகையுமாக வந்தது. சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்த சில நாளில் என் மகளுக்குக் காது குத்து. மைக் செட் வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "பாட்டு இல்லாத விசேஷம் ஒரு விசேஷமாடா?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். குலசாமி கோயில் வேம்பில் குழாய் கட்டிக் காலையிலிருந்து இசைத்தட்டு ஓடியது. அவர் பந்தலின் கடைசியில், வந்தவர்களை "வாங்க" என்று சொல்வதோடு சரி. நான் பெண்களோடு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

காது குத்தி முடித்து எல்லோரும் பந்திக்குக் காத்திருந்தபோது ஒரு பாட்டு வந்தது. புல்லாங்குழலில் ஆரம்பித்து, கெஞ்சுவது போல ஒரு பெண் குரல் எழும். யார் பாடியது என்று பையன்களுக்குள் வாக்குவாதம் ஆகிவிட்டது. அப்போது பேர் எடுத்திருந்த இரண்டு பாடகிகள். பெயரைச் சொன்னால் இன்றும் எங்கள் ஊரில் யாராவது சண்டைக்கு வருவார்கள், சொல்லவில்லை. பாடியது மூத்த பாடகி என்றார் என் கொழுந்தனார். டீக்கடையில் பதில் சொன்ன அந்தப் பையன் இளையவர் என்றான். தட்டின் காகிதம் தேய்ந்து எழுத்து மறைந்துவிட்டது. சத்தம் பெருகவே, பெரியவர் ஒருவர், "ரேடியோக்காரரைக் கேளுங்கடா, அவரு சொன்னா முடிஞ்சுது" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எழுந்து வந்தார். நன்றாக ஒரு பிடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் காயைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவரோ நேராகப் பெண்கள் பக்கம் வந்து, சொந்தபந்தம், சம்பந்தக்காரர், ஊர்ப் பெரியவர் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"ஏ புள்ள. யாரு பாடுனதுன்னு நீ சொல்லு. குரலு உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

என் கையிலிருந்த கத்தரிக்காய் உருண்டு போயிற்று. என் பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் பாட்டே காதில் விழவில்லை. "கேக்குறான்ல, சொல்லேன்டி" என்று மாமியார் முழங்கையால் இடித்தார்.

வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டேன். மூத்த பாடகியின் பெயர். சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது, தப்பு. பாடியது இளையவர். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று எத்தனை சாயங்காலம் நாங்கள் கேட்ட பாட்டு அது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும் என்பது அந்தக் கண்ணிலேயே இருந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, வெளியே விடாமல் அடக்கிக்கொண்டார்.

பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீகளா? அவுகதான் பாடுனது" என்று தீர்ப்புச் சொன்னார். சரியாகச் சொன்ன அந்தப் பையன் முகம் தொங்கிப் போய் நின்றான். அவனுடைய தோளில் தட்டி, பந்திக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டு இன்றைக்கும் எங்கள் ஊரில் மூத்த பாடகி பாடியதுதான். மாற்றிச் சொன்னால் அடிக்க வருவார்கள்.