இன்னாசியின் இரண்டு பானைகள்

அரிசியைப் பையில் கொட்டி முடித்ததும் இன்னாசி ஒரு புளியங்கொட்டையை எடுத்து, வாங்கியவர் கையில் வைப்பார். "போட்டுட்டுப் போய்கினே இரு" என்பார். உடனே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். சுவரில் பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை. போன வருஷத்துச் சோப்புக் கம்பெனி காலண்டர் ஒன்று தொங்குகிறது, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள், மனுஷனுக்கு நம் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோபமெல்லாம் இல்லை. கொட்டை எந்தப் பானையில் விழுகிறது என்று அவர் பார்க்கக் கூடாது.

காசிமேட்டுக்குப் போகிற தெருவில் இருக்கிறது எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலை. மானேஜர், தராசு பிடிக்கிறவர், மூட்டை பிரிக்கிறவர் எல்லாம் இன்னாசிதான். முன்பு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கம்பிக் கயிறு முனகுகிற சத்தத்தை வைத்தே சுமை கூடிவிட்டது என்று சொல்லிவிடுவாராம். ஒருநாள் கால் சங்கிலியில் மாட்டி நசுங்கியதும் அந்த வேலை போயிற்று. காக்கி அரைக்கால் சட்டையும் குரலும் மட்டும் போகவில்லை. எதிரில் நிற்கிறவரிடம் உப்பு இருக்கிறது என்று சொல்வதைக்கூட, கப்பலின் அடித்தட்டில் நிற்கிறவனுக்குச் சொல்கிற மாதிரிதான் சொல்வார். மீசை வேறு. குழந்தைகள் அம்மா முந்தானைக்குள் போய்விடும்.

பானைகள் வருவதற்கு முன்னால் வாசலில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. கமிட்டியார் பூட்டெல்லாம் போட்டு மாட்டியிருந்தார்கள். திறந்தால் பீடித்துண்டு, பழைய டிராம் டிக்கெட், யாருக்கோ போக வேண்டிய காதல் கடிதம். புகார் என்று ஒன்றே ஒன்று வந்தது. பெட்டியின் வாய் சிறியதாக இருக்கிறது என்று எழுதிப் போட்டவன் நான்தான். எழுதத் தெரியாத ஜனங்கள் குழாயடியில் நின்று பண்டகசாலையை நாறடித்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னாசியின் காதுக்கு வராமல் இருக்குமா?

"பேஜாரா கீது சார்" என்றார் என்னிடம். "அங்க அவ்ளோ பேசுறாங்க. பொட்டில இன்னாடான்னா பீடி கீது."

பெட்டியைக் கழற்றினார். இரண்டு பானைகளை வைத்தார். சுண்ணாம்பு பூசியது நன்று, கரி பூசியது குறை. வாய்க்குத் துணி கட்டி, நடுவில் ஒரு கிழிசல். அரிசி எப்படி என்று முதல் வாரம் கேட்டார். கொட்டையெல்லாம் வெள்ளைப் பானையில்! கல்லும் நெல்லுமாகக் கிடந்த அந்த அரிசிக்கு! இன்னாசி பூரித்துப்போய்விட்டார்.

மீன் விற்கிற சொக்கம்மாள்தான் அந்தப் பூரிப்பில் தண்ணீர் ஊற்றினாள். "நீ மீசய வச்சிகினு மொறச்சிகினு நின்னா எவ கறுப்புல போடுவா? அடுத்த வாட்டி அளவுல கை வச்சிட்டா? இப்ப எலீக்சன்ல வோட்டு போடச் சொல்லோ சர்க்காரு மறைப்புத் துணி கட்டி வுட்டானா இல்லியா?"

அப்போது சுவரைப் பார்த்துத் திரும்பியவர்தான், இன்னும் அப்படித்தான். அந்த வாரமே கறுப்புப் பானை நிறைந்துவிட்டது. பாவம், இரண்டு நாள் யாரிடமும் கத்தவில்லை. பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கேட்க ஆரம்பித்தார். கிருஷ்ணாயில் எப்படி? க்யூ எப்படி? கடை திறக்கிற நேரம் எப்படி? நேரத்துக்குத்தான் கறுப்புப் பானை பிதுங்கியது. காலையில் கடை திறக்கும்போது மீன்காரப் பெண்கள் கரையில் ஏலத்தில் நிற்பார்கள். கூடையைக் காலி பண்ணிவிட்டு வந்தால் மூட்டையின் அடியில் நொய்தான் இருக்கும். பானையை அப்படியே தோளில் தூக்கிப் போய்க் கமிட்டித் தலைவர் மதார் சாகிப்பின் மேஜையில் வைத்தார் இன்னாசி. கயிற்றுக்கடை வைத்திருக்கிற சாகிப் பானையை எட்டிப் பார்த்தார், தாடியைத் தடவினார். அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலமும் கடை உண்டு, அதற்கென்று தனி மூட்டையும் உண்டு. தெருவில் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. எனக்கே பண்டகசாலையில் போய் நிற்பது இப்போது பிடித்திருக்கிறது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மானேஜர் எரிந்து விழுகிறார், வேறு ஆள் போட வேண்டும் என்று கமிட்டியில் சிலர் கிளப்பினார்கள். சாகிப் சிரித்தபடியே, "ஒம்ம பானையிலயே கேட்டுடுவமா?" என்றாராம். இன்னாசியும் சரி என்றுவிட்டார். மூன்று பெண்பிள்ளைகள், நசுங்கிய கால். இதை விட்டால் அவருக்குப் போக இடமில்லை. ஆனாலும் இந்த வாரம் அவர் கூவுகிற கேள்வி தெருக்கோடி வரை கேட்கிறது: "நான் இருக்கட்டுமா, போவட்டுமா? இருக்கணும்னா வெள்ளை, போவணும்னா கறுப்பு!" என் கொட்டையை எதில் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சொக்கம்மாள் வந்தாள். மீன்கூடையோடு க்யூவில் நின்றது இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. "கூடய அப்பால வை! கடை பூரா கலீஜு பண்றியே!" என்று ஒரு சத்தம் போட்டார். அவள் சொன்னபடியே கூடையை ஓரமாக வைத்தாள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அரிசியை வாங்கினாள், கொட்டையை வாங்கினாள். இன்னாசி சுவரைப் பார்த்துத் திரும்பினார். கொட்டை விழவில்லை.

"இன்னாசி, சுவுத்தப் பாத்துட்டா மட்டும் ஆச்சா?" என்றாள் சொக்கம்மாள். "வெள்ளப் பான புதுசு, விழுந்தா ணங்குங்கும். கறுப்பு ஓட்டப் பான, பொத்துங்கும். கயிறு சத்தத்துலயே கணக்கு சொன்னவன் நீ. காதால பாத்துகினு கீற!"

க்யூ முழுக்கச் சிரித்தது. இன்னாசி சிரிக்கவில்லை. இத்தனை நாளும் அவருக்குக் கேட்டுத்தான் இருக்கிறது என்பது அவர் பிடரி சிவந்ததிலேயே தெரிந்துவிட்டது. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுகளில் விட்டு அடைத்துக்கொண்டார். காலண்டருக்கு நேராக நின்றார். சொக்கம்மாள் கொட்டையைப் போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, தெருமுனை தாண்டிப் போயும் விரலை எடுக்கவில்லை. அடுத்த ஆள் அவர் முதுகில் தட்ட வேண்டியிருந்தது.