பாதி வாயிற்காவலன் விகாண்ட்

1352, புனித மிக்கேல் திருநாள்: கோட்டைப் பங்கீடு. எழுத்துக் கூலி 6 ஷில்லிங்.
1361, மெழுகுவர்த்தித் திருநாள்: விகாண்டின் கல்யாண அனுமதிக் கட்டணம் 1 கில்டன். வரவு அரை.
1363, ஈஸ்டருக்கு அடுத்த திங்கள்: போர்ச் செலவு 11 ஷில்லிங், இரு தரப்புக்கும் சேர்த்து.

ரோடன்ஃபெல்ஸ் பிரபு இறந்ததும் அவர் மகன்கள் எபர்வினும் கெர்லாக்கும் கோட்டையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வாயிலின் இடக்கதவு அண்ணன் எபர்வினுக்கு, வலக்கதவு தம்பிக்கு. கதவு திறக்கும் பண்ணையாள் விகாண்டும் பங்கில் வந்தான். ஆளுக்குப் பாதி.

மாவு ஆலைக்காரர் மகள் டெமுட்டைக் கட்டிக்கொள்ள விரும்பினான் விகாண்ட். பண்ணையாள் கல்யாணத்துக்கு உடையவரின் உத்தரவு வேண்டும். எபர்வின் அரைக் கில்டனை வாங்கிக்கொண்டு சரி என்றார். கெர்லாக் மறுத்தார்.

"அவ முழுசா எங்கண்ணன் ஆளு. நீ பாதிதான் எனக்கு. பொறக்குற பிள்ளையில முக்கால் அங்க போயிடும். கால் பிள்ளைய வச்சு நான் என்னடா பண்றது?"

"எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சு, பிரபு."

"என் பாதிக்குப் பதினேழரைதான். என்ன அவசரம்?"

சகோதரர்கள் இரண்டு வருடம் பேசினார்கள். பிறகு தம்பி படையெடுத்தார். அவருடைய ஒன்பது பேரையும் விகாண்ட் வலக்கதவு வழியே வெளியே விட்டான். அவர்கள் குன்றைச் சுற்றி வந்து இடக்கதவை முற்றுகையிட்டார்கள். அதை உள்ளிருந்து காத்தவனும் விகாண்டே. சமையலறை பொது என்பதால், சாப்பாட்டு மணி அடித்ததும் முற்றுகைக்காரர்கள் வலக்கதவைத் தட்டினார்கள். திறந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் டெமுட் வாயிலுக்கே வந்தாள்.

"எவன் ஜெயிச்சாலும் தோக்குறது நீதான்யா. உன் பாதிய விட்டுக்குடுக்க என்ன வேணும்னு அந்தத் தம்பிகிட்டயே கேளு. நவம்பர்ல வர்ற மார்ட்டின் திருநாள் வரைக்கும்தான் பாப்பேன். தோல் பதனிடுறவர் ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டார். அவராவது முழு ஆளு."

விகாண்ட் கேட்டான். அண்ணனுடைய மீன்குளம் வேண்டும் என்றார் கெர்லாக்.

எபர்வின் கோடை முழுக்க யோசித்தார். குளம் போனால், இறைச்சி ஆகாத தவக்காலம் நாற்பது நாளும் ரொட்டியும் கடுகும்தான். கடைசியில், "எடுத்துக்கச் சொல்லு. அந்தக் கெண்டையில முள்ளு ஜாஸ்தி" என்றார். முப்பதாண்டு ஆட்சியில் அவர் தம் நாட்டோடு சேர்த்துக்கொண்ட ஒரே பகுதி விகாண்டின் வலப்பாதி.

இந்தக் கைமாற்றம் செல்லுபடியாக மடாதிபதியின் முத்திரை வேண்டும். மாறுவது எந்தப் பாதி என்று விசாரித்து முதல் கடிதம் வந்தது. குளத்துத் தவளைகளும் சேர்த்தியா என்று அடுத்தது. இரண்டுக்கும் கோட்டைக் கணக்கெழுதும் நானே பதில் எழுதினேன். தோல்காரர் புதுச் சட்டை தைத்துக்கொண்டதாகப் பேச்சு. டெமுட் தினமும் வாயிலுக்கு வந்து பாதையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

முத்திரையிட்ட கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது: 1363, மார்ட்டின் திருநாளுக்கு முந்தின மாலை.