சிவபாதத்தின் மகன் ஸிம்மர்மன்

ஊரார் சோற்றில் கைவைக்கும் நேரம் பார்த்துப் போன் அடிப்பதுதான் எங்கள் தொழில். அதில் ஏச்சு வாங்கிய சகபாடிகளே, உங்களுக்குத்தான் இது.

இரவல் பெயர்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதி மாடி. வீட்டுத் தரைவிரிப்பு, அதாவது காப்பெற், கழுவப் போனில் ஓடர் பிடிக்கவேண்டும். இடுப்பில் பேஜர் கட்டிய மனேஜர் பிரையன், என் விண்ணப்பத்தில் "சிவபாதம்" என்று வாசிக்கத் தொடங்கிப் பாதியில் களைத்துப்போனார். போனில் சொல்ல இதுதான் என்று, துண்டில் "ஸிம்மர்மன்" என்று எழுதி நீட்டினார். எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை, பின்னால் வருவது அப்பாவின் பெயர் என்று விளக்கினேன்.

"அப்போ அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வா."

ஜெர்மன் குரல்

எனக்கென்ன, எந்தக் குரலும் வரும். பிரையனின் மூக்குக் குரலிலேயே பிரையனுக்கு லீவு கேட்டவன் நான். தொண்டையைக் கரகரப்பாக்கி, ஜெர்மன்காரனாகவே மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அசல் ஜெர்மன் கிழவி!

ஸிம்மர்மன் என்றால் தச்சன், எங்கள் நாட்டில் செய்த தொழிலே பெயரானது, உன் பாட்டன் என்ன கட்டினார் என்று கேட்டார். ஜெர்மன் குரலைக் கைவிட்டேன். உண்மையைச் சொன்னேன். அப்பாவுக்கு என்ன வேலை என்றார். ஏர்போட்டில் பெட்டி தூக்குகிறார் என்றேன்.

"உயிரோடு உழைக்கிறவரின் பெயர் இருக்க, செத்த தச்சனின் பெயர் எதற்கு? அவர் பெயரில் கூப்பிடு, மூன்று அறைக் காப்பெற்றும் கழுவத் தருகிறேன்."

தச்சன் வந்த வீடு

இதை வீட்டில் நடித்துக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. பக்கத்து அப்பார்ட்மென்ட் அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, தச்சன் எண்டு வெளியில சொல்லிப்போடாதை. நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆக்கள் வேற மாதிரி விசாரிப்பினம்!" விடுவேனா? அன்றே லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் "நான் தச்சன்" என்று கைகொடுத்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா எல்லாம் சொல்லியிருந்தா. அவர் நிமிரவில்லை.

"என்ர பேரைச் சொன்னா அவங்கட காப்பெற் ஊத்தையாகுமோ?"

சொந்தக் குரல்

அடுத்த நாள் கிழவிக்கு மறுபடி எடுத்தேன். பிரையன் பின்னால் வந்து நின்று, ஸிம்மர்மன் என்று எழுதிய அந்தத் துண்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். அந்தப் பெயர் இல்லையென்றால் வேலை இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் ஒரு குரலும் போடவில்லை. "சிவபாதம் பேசுகிறேன்" என்றேன். எழுத்தெழுத்தாகவும் சொன்னேன், மேசை மேசையாகக் கேட்கும்படி. மூன்று அறை ஓடரும் விழுந்தது. பிரையன் ஓடர் எழுதிய தாளைப் பத்திரமாக வாங்கி மடித்து வைத்தார்.

"நாளைக்கு வராதே, ஸிம்மர்மன்."

ஆக, வேலை போனது ஸிம்மர்மனுக்குத்தான். சிவபாதத்தின் மகனை இன்றுவரை ஒருவரும் நிறுத்தவில்லை.