ஏணைக்கு ஓர் இரும்புச் சட்டம்

தடித்த தோல் சட்டை ஒன்றின் கழுத்துப் பொத்தானை, குனிந்து நின்று, பொறுமையாக எனக்குப் பூட்டிவிட்ட இரண்டு கைகள்தான் அவரை நினைக்கும்போது முதலில் வருகின்றன. அவர் என் மகளின் மாமியார், எனக்குச் சம்பந்தி. மொன்றியலின் கிழக்கே, துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த ஒரு பழைய பட்டறையில், சனிக்கிழமை பகலில், ஆசைக்குப் பழக வருபவர்களுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியை முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு கியூபெக் பெண். அவள் என் கழுத்தைக் காட்டி, சங்கிலியைக் கழற்று என்று சைகை செய்தாள். அது தாலிக்கொடி. மகளைப் பெறப் போன ஆஸ்பத்திரியில்கூட நான் கழற்றாதது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரோடும் மெர்சியோடும் முடிந்துவிடும் என்பதால், ஏலாது என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நின்றேன். சம்பந்தி அவளோடு பிரெஞ்சில் மெதுவாக ஏதோ பேசினார். பிறகு கொடியை என் சட்டைக்குள் தள்ளி, தோல் சட்டையைத் தொண்டைவரை பூட்டி, "இனிமே ஒரு பொறியும் உள்ள போகாது, தைரியமா நில்லுங்க" என்றார். அவர் கணவரை இழந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

நான் அங்கே பழகுவதற்கென்று போகவில்லை. சம்பந்தி சென்னைக்காரர். நாற்பது வருடத்துக்கு முன் படிக்க வந்து, இங்கே ஒரு கல்லூரியில் பௌதிகம் படிப்பித்து, ஓய்வுபெற்றுக் கர்க்லாண்டில் தனியாக இருந்தார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவள். அவர் சென்னையில் கல்லூரியில் படித்த காலத்தில் பட்டறைக்குள் பெண்களை விடமாட்டார்களாம். அந்த ஆசை அறுபது வயதுக்குமேல் அவரைப் பிடித்து ஆட்டியது. பனிக்காலத்தில் கார் ஓட்ட அவருக்குப் பயம். அதனால் பக்கத்து ஊரான டொலார்ட்டில் இருக்கும் நான் அவரை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. பெண்ணையும் கொடுத்து, சாரதி வேலையும் பார்க்கவேண்டிக்கிடக்கு என்று வீட்டில் முணுமுணுத்தேன். முதல் வாரம் காருக்குள்ளேயே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். இரண்டாம் வாரம் ஆசிரியை வந்து கண்ணாடியைத் தட்டி உள்ளே கூப்பிட்டாள். நான் போட்டிருந்த நைலோன் உடுப்பைப் பார்த்து, பொறி விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்று சம்பந்தியின் வாயால் சொல்லவைத்து, யாருடையதோ ஒரு பருத்திக் காற்சட்டையைத் தந்தாள். என்னைப் பார்க்க எனக்கே சிரிப்பாக இருந்தது.

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு வெல்டிங் என்றால் வெளிச்சம். அந்தப் பட்டறையின் பழைய முகமூடிகளுக்குள் தலையை விட்டவர்களுக்கு அது முழு இருட்டு. துவக்கு மாதிரி ஒன்றைக் கையில் தருவார்கள், அதன் நுனியில் மெல்லிய கம்பி வரும். விசையை அழுத்தியதும் புளியங்கொட்டை அளவில் இரும்பு உருகித் தளும்புவது தெரியும். அதை மட்டும் பார்த்துக் கையை நகர்த்தவேண்டும். விட்டு விட்டுக் கடுகு வெடிக்கிறதுபோல் கேட்டால் பிழை. எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் ஒரே சீராய்க் கேட்டால் சரி. சம்பந்திக்கு எந்த வெப்பத்தில் எந்த இரும்பு என்ன செய்யும் என்பதெல்லாம் மனப்பாடம், ஆனால் கை நடுங்கும். எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பெட்டி தூக்கித் தூக்கிக் கை உறுதிப்பட்டிருந்தது. அவர் சுண்ணக்கட்டியால் இரும்பில் கோடு போடுவார், நான் ஒட்டுவேன். பிறகு அவர் பஞ்சுத் துண்டொன்றை எடுத்து ஒட்டின்மேல் தேய்த்துப் பார்ப்பார். ஒரு இழை சிக்கினாலும் திரும்ப அராவச் சொல்வார். முதலில் ஒரு சப்பாத்துத் தட்டுச் செய்தோம், பிறகு என் பாகல்கொடிக்கு ஒரு பந்தல். அந்த மார்கழியும் தையும் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான்.

மாசியில் மகள் பிள்ளை உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். நாள் கணக்குப் பார்த்தால் ஆவணியில் பிறக்கவேண்டும். பிள்ளை பிறக்கமுதல் ஒன்றும் வாங்கி வைக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மகள் இங்கே பிறந்தவள், தமிழைவிடப் பிரெஞ்சுதான் அவளுக்கு வாயில் வரும். ஒருநாள் கடையில் சின்னதாய் மஞ்சள் காலுறை ஒரு சோடி பார்த்துவிட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். தொடக்கூடாது, வைத்துவிட்டு வா என்று நான் போனில் சத்தம் போட்டேன். அவளும் வைத்துவிட்டு வந்தாள்.

இப்படிச் சத்தம் போட்ட நான்தான் ஏணைக்குச் சட்டம் செய்வோம் என்று நின்றேன். ஊரில் கூரை வளைமரத்தில் சேலையைக் கட்டினால் ஏணை. இங்கே வீட்டுக் கூரையெல்லாம் அட்டை. ஒரு பூனையைக்கூட அதில் தொங்கவிட முடியாது. இரண்டு பக்கமும் கவட்டுக் கால், மேலே ஒரு குறுக்குக் குழாய், நடுவில் கொளுக்கி என்று ஒன்று செய்தால் பிள்ளை நிம்மதியாகப் படுக்கும். பட்டறையோ சித்திரை முடிய மூடிவிடும், இனி இலையுதிர்காலத்தில்தான் திறப்பார்கள். சம்பந்தி தயங்கினார். அவருக்கு அந்த நம்பிக்கைகள் கிடையாது, எனக்காகத்தான் தயங்கினார். "பிறந்தப்புறம் செய்யலாமே, தூளி கட்டறதுக்கு என்ன அவசரம்? உங்களுக்கு மனசு உறுத்தும்" என்றார். நான் வாய்க்குப் பேர்போனவள். சேலை கட்டினால்தான் அது ஏணை, அதுவரைக்கும் வெறும் இரும்பு என்று நியாயம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு சுண்ணக்கட்டியை எடுத்தார்.

நான்கு சனிக்கிழமைகள் அதற்குப் போயின. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒன்றையும் செய்ததில்லை. கடைசிச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் தன்னுடைய வாகனத்தில் ஏற்றிக்கொண்டுவந்து எங்கள் கராஜில் இறக்கித் தந்தார். பாரம் ஏற்றிப் பார்க்காமல் பிள்ளையை விட முடியாது என்று சம்பந்தி சொன்னார். அது சரிதானே. அரிசி மூட்டை இரண்டை வைத்துத் தொங்கவிடுவதற்கு நான் உள்ளே போய் என் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்துவந்து கட்டினேன். சட்டம் அசையவில்லை. கையும் சும்மா இருக்கவில்லை, அந்த அரிசி மூட்டையை ஆட்டினேன். வெறும் ஏணையை ஆட்டினால்தானே கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அரிசியை இறக்கினேன். சேலையை அவிழ்க்க மனம் வரவில்லை, அப்படியே மேலே சுருட்டிவிட்டு ஒரு படுக்கை விரிப்பால் மூடினேன்.

ஆறாம் மாதம் முடிகிற நேரம் பிள்ளை தங்கவில்லை. நச்சுக்கொடி கழன்றுவிட்டது, அது யாருடைய பிழையும் அல்ல என்று டொக்டர் சொன்னார். மகள் மருந்தாளர், அவளுக்கு அது என்னைவிட நன்றாக விளங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்குத்தான் வந்தாள். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கிடந்தாள். சம்பந்தி தினமும் ரசமும் சோறும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பத்தாம் நாள் மாலை அவள் தானாக எழும்பி, உடுப்புத் தோய்க்கிற தூள் எடுக்கக் கராஜுக்குப் போனாள். நாங்கள் இருவரும் குசினியில் இருந்தோம். நெடுநேரம் சத்தமில்லை என்று போய்ப் பார்த்தால், விரிப்பு நிலத்தில் கிடந்தது. அவள் அந்தச் சேலையின் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை ஆர் செய்தது?" என்று கேட்டாள். "என்னை ஒரு காலுறை வாங்க விடேல்லை. இதை ஆர் செய்தது?"

வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் என் பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாம்மா. உங்க அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க, நான் கேக்கல."

மகள் அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வீட்டுக்குப் புறப்பட்ட சம்பந்தியின் பின்னால் தெருவரை ஓடினேன், இப்பவே போய்ச் சொல்கிறேன் என்று அழுதேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது, அதனால இந்தப் பழி எனக்குக் கனக்காது. அவளுக்கு இப்போ அம்மா வேணும். மாமியார் மேல கோவம் இருந்தா ஒண்ணும் ஆகாது, ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கறதுதான். கொஞ்ச நாள் போகட்டும், சொல்லிக்கலாம்" என்றார். எனக்கு அப்போது வந்தது நன்றி அல்ல. அப்பாடா என்றிருந்தது. அந்த ஆறுதலுக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

கொஞ்ச நாள் என்பது மூன்றரை வருடமாயிற்று. மகள் சண்டை பிடிக்கவில்லை. மாமியாரோடு மரியாதையாக நடந்தாள், அவ்வளவுதான். விசேஷங்களுக்கு அழைத்தாள், சாப்பாடு பரிமாறினாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஒன்றரை வருடத்தில் பேரன் பிறந்தான். அவன் பிறந்த மகிழ்ச்சியில் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் வீட்டில் ஏணை கட்டவில்லை, கடையில் வாங்கிய கட்டிலில் வளர்ந்தான். நாங்கள் இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். பூச்சாடிக்கு முக்காலி செய்தோம், குருவிகளுக்குத் தீன் வைக்கிற கம்பம் செய்தோம். இடைக்கிடை நான், இந்தக் கிழமை சொல்லப்போகிறேன் என்பேன். இப்போ வேண்டாம், பையன் சின்னவன், வீடு நிம்மதியா இருக்கு என்பார். அவர் அப்படிச் சொல்லுவார் என்று தெரிந்துகொண்டுதான் நான் கேட்டேன். இதை ஒத்துக்கொள்ளாவிட்டால் இதை எழுதியே பயனில்லை.

இந்தத் தையில் அவர் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. கடைசி நாட்களில் கைபிடித்து மன்னிப்புக் கேட்கிற சந்தர்ப்பமெல்லாம் எனக்குக் கிடைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மருமகன் தாயின் வீட்டைக் காலிசெய்யத் தொடங்கினார். அங்கிருந்து கொஞ்சச் சாமான் எங்கள் கராஜுக்கு வரவேண்டும் என்று மகள் இடம் ஒதுக்க வந்தாள். மூலையில் விரிப்பு மூடிக் கிடந்ததைக் காட்டி, "அது மாமி செய்ததுதானே. பழைய இரும்புக்காரனுக்குக் குடுங்கோ" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. செத்தவர்மேலும் அவள் அந்தப் பழியை வைத்திருக்கிறாள், இனிச் சாகும்வரை வைத்திருப்பாள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"பிள்ளை, அது மாமியின்ர வேலை இல்லை" என்றேன். "நான்தான் செய்வம் எண்டு நிண்டனான். அவ வேண்டாம் எண்டவ. சேலை கட்டினதும் நான், ஆட்டினதும் நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தெருவில் நின்று அவர் என் கையைப் பிடித்துச் சொன்னதையும் சொன்னேன். மகள் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன், அதுவும் இல்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"மகன் பிறந்து வீட்டை வந்த கிழமை மாமி என்னட்டைக் கேட்டவ, ஒருக்கா அவனைக் குளிக்கவாக்கட்டே எண்டு. நீங்கள் தொட்டது போதும் எண்டு சொன்னனான், அம்மா. அவ சரிம்மா எண்டிட்டுப் போட்டா."

அன்றிலிருந்து மகளுக்கு என்மேல் கோபம் இல்லை. அவளே அப்படிச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேட்கிறாள். பேரனைத் தன் மடியிலேயே வைத்திருந்துவிட்டு, நேரமானதும் தூக்கிக்கொண்டு போகிறாள். அந்த மரியாதை எனக்குப் புதிதல்ல, இன்னொருவருக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது நெஞ்சை என்ன செய்யும் என்பதுதான் இப்போது தெரிகிறது. எனக்கு வரவேண்டியதை மூன்றரை வருடம் தான் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை தோறும் ஒரே மேசையில் என் பக்கத்தில் நின்று இரும்பில் கோடு போட்டுத் தந்தவர், ஒருநாளாவது அதை எனக்குச் சொல்லிக்காட்டவில்லை.