வழி மறித்த வணக்கம்

ஜெயபாய் தன் வெப்சைட்டைத் திறந்துவைத்த அன்று, லேப்டாப்புக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். போதகர் ஜெபம் செய்து ரிப்பனை வெட்டினார். வெட்டிய வேகத்தில் கத்தரிக்கோல் நுனி திரையில் ஒரு கீறல் போட்டது. லேப்டாப், புதுக்கடை சந்திப்பில் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் யோவானுடையது. அந்த வெப்சைட்டைச் செய்துகொடுத்தவனும் அவன்தான். அவன் பங்குக்கான கீறல்களை ஏற்கெனவே உள்ளே போட்டு முடித்திருந்தான். மீதியை ஜெயபாய் போட்டிருந்தாள்.

ஜெயபாய்க்கு வயது அறுபத்தெட்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கப்புறம் சும்மா இருக்க மாட்டாமல், வயதானவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கத் தனியாகப் பயிற்சி எடுத்து, வீட்டு முன்னறையில் 'ஜெயபாய் ஹோம் நர்சிங்' என்று பலகை மாட்டினாள். படுக்கையில் விழுந்தவர்களைப் புரட்டவும் குளிப்பாட்டவும் கஞ்சி கொடுக்கவும் பெண்களைப் பழக்கி வீடுகளுக்கு அனுப்புவதுதான் தொழில். அவர்களில் ஷீஜா ஒருத்தி போதும், மற்றவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்வாள்.

முன்பெல்லாம் விளம்பரமே தேவைப்படவில்லை. மாமியார் விழுந்தால் மருமகள் நேரே வீட்டுக்கு வந்து கேட்பாள். இப்போது மருமகள் கனடாவில், மகன் மஸ்கட்டில். ஆள் பிடிக்க வேண்டியவர்கள் ஊரிலேயே இல்லை. அவர்கள் கையிலிருக்கும் போனைத்தான் கேட்கிறார்கள். போனுக்கு ஜெயபாயைத் தெரியாது. வேலை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஷீஜாவே வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிஸ்டர், ஒளிச்சு வெச்சுப் பேசல்ல," என்றாள் ஷீஜா. "சபையில அசன விருந்து முடியட்டும். அதுவரைக்கும் சோலி வரல்லேண்ணா நான் திருவனந்தபுரத்தில ஒரு ஏஜென்சிக்குப் போறேன். எனக்கும் ரெண்டு பிள்ளியளு உண்டுல்லா."

அவள் போனால், மிச்சமிருக்கும் இன்னொரு பெண் சுஜியும் போவாள். பிறகு அந்தப் பலகையை இறக்கி, பின்பக்கம் கோழிக்கூட்டுக்கு மூடியாகப் போட வேண்டியதுதான். அப்படித்தான் வெப்சைட் வந்தது.

யோவானுக்குத் தெரிந்ததெல்லாம் ஃபிளெக்ஸ். ஜெயபாய்க்குத் தெரிந்ததெல்லாம் அசன நோட்டீஸ். கோயில் விருந்துக்கு அடிக்கும் அந்த நோட்டீஸில் மேலே வசனம், அதன் கீழ் போதகர், அதன் கீழ் சபைச் செயலாளர், பொருளாளர், சிறப்பு விருந்தினர்கள், எல்லாருக்கும் படம். ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த அசனம் வரைக்கும் பிணக்கம். அச்சகத்தின் பெயர் மட்டும் அடியில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து அதையே கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். போன் நம்பர், அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. அதுவும் வெள்ளைத் தரையில் இளம் ரோஸ் எழுத்து. ரோஸ், ஜெயபாய்க்குப் பிடித்த நிறம்.

"சிஸ்டர், இங்க கொறச்சு எடம் காலியாட்டு கெடக்கு. என்னத்தப் போட?"

"காலியா விடாண்டாம். வாங்கின எடம்லா."

"பூ போடட்டா?"

"போடு. எங்க மதினிக்க போட்டோ வேற விட்டுப்போச்சு. அதையும் சேத்துப் போடு. இல்லேண்ணா வீட்டுப் படி ஏறமாட்டா."

திறந்த உடனே பாட்டு வர வேண்டும் என்றது ஜெயபாய். பாடகர் குழு பாடியது, முன்வரிசையில் அவளே நின்று பாடியது. வருகிறவர்களை வரவேற்க ஆள் வேண்டாமா என்றதும் அவள்தான். ஆகவே வெள்ளைச் சேலை கட்டி, கை கூப்பி, திரை நிறையப் படமாக நின்றாள். தொழில் செய்யும் இடத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்று ஆஸ்பத்திரி அட்மிஷன் தாள் போல ஒரு படிவமும் எழுதிக் கொடுத்தாள். நோயாளி பெயர், வயது, பழைய ஆபரேஷன்கள், எந்தச் சபை, யார் சொல்லி வந்தீர்கள் என்று ஒன்றுவிடாமல். எதை விட்டாலும் அடுத்த பக்கம் போகாது.

"சபை எதுக்கு சிஸ்டர்?" என்று யோவான் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"எந்தச் சபைண்ணு தெரிஞ்சா பேசுகதுக்கு எளுப்பமா இருக்கும்லா."

வீட்டில் ரசலையன், அவள் புருஷன், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏட்டி, பஸ்ஸுக்கு நெத்தியில போற ஊருக்க பேரத்தான் எழுதி வைப்பான். கண்டக்டருக்க மதினி போட்டோவ ஒட்டி வெச்சா எவன் ஏறுவான்?"

"ஆளு நிக்க நிக்க விசிலடிச்சிட்டுப் போன ஆளுதானே நீங்க. பேசாம இருங்க."

வெப்சைட்டின் அடியில் வந்தவர்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயபாய் அதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதில் பாதி எண்ணிக்கை, தினமும் காலையில் தன் குரலைக் கேட்பதற்காக அவளே திறந்து பார்த்தது என்பதைக் கூட்டத்தில் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"மீதி வந்தவியள்ல எத்தன பேரு நம்மள போன்ல விளிச்சாவ?" என்று ஷீஜா கேட்டாள்.

ஒருவரும் கூப்பிடவில்லை. அசன நோட்டீஸ் அச்சுக்குப் போயிருந்தது.

அந்த வாரத்தில்தான் குழித்துறை சொர்ணம்மாள் குளிமுறியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடக்கும் செய்தி வந்தது. சொர்ணம்மாளின் புருஷன் முத்துநாயகம் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் ஜெயபாய்தான் பார்த்தாள். அந்தப் பழக்கம். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வேலை கேட்கப் போகவில்லை. விழுந்தவளைப் பார்க்கப் போகும்போது தொழில் பேச்சு எடுப்பது மரியாதை இல்லை என்பது அவள் எண்ணம். சொர்ணம்மாளுக்கோ, ஜெயபாய் ஆஸ்பத்திரியை விட்டபின் என்ன செய்கிறாள் என்றே தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்துவிட்டு, அடுப்பில் கறி இருக்கிறது என்று ஓடிப்போனாள். அறைக்குள் சொர்ணம்மாள் மல்லாக்கக் கிடந்தாள். கட்டிலோரத்து ஸ்டூலில், சுடுதண்ணீர் பிளாஸ்க்கில் சாய்ந்து நின்ற போனில் மஸ்கட்டிலிருந்து மகன் ராஜகுமார் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். உட்கார் என்று சொர்ணம்மாள் கண்ணைக் காட்டினாள். ஜெயபாய் போனுக்குப் பின்பக்கம், தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"பொறவு புதுக்கடையில ஒண்ணு பாத்தேன்மா," என்றான் ராஜகுமார். "ஜெயபாய் ஹோம் நர்சிங்ணு."

ஜெயபாய் முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆபீஸ்ல இருந்து தொறந்தேன். தொறந்ததும் ஒரே பாட்டு. மீட்டிங் நடக்குகு, அரபி என்னயப் பாக்கியான். எங்க அமத்தினாலும் நிக்கல்ல. கடைசியில போனையே ஆஃப் பண்ணிப்போட்டேன்."

"என்ன பாட்டு மக்கா?"

"யாருக்குத் தெரியும். ஒரு பொம்பள மூச்சு முட்டிப் பாடுகா."

சொர்ணம்மாள் ஜெயபாயைப் பார்த்தாள். ஜெயபாய் மட்டிப்பழத்தைப் பார்த்தாள்.

"பொறவு சத்தத்தக் கொறச்சிட்டுத் தொறந்தேன். ஒரு அம்மா கை கூப்பியிட்டு ஸ்கிரீன் நெறைய நிக்காவ. வழி விடமாட்டேங்காவ. மூலையில ஒரு பொடிப் பெருக்கல் குறி கெடக்கு. அத அமத்தப் போனா வெரலு அந்த அம்மாக்க மூக்கில படுகு. மூக்கில பட்டா வேற பக்கம் தொறக்குகு. அங்க ஒரு கூட்டம் போட்டோ. போதகரு, கவுன்சிலரு, யாரோ ஒரு மதினி. எனக்கெதுக்கும்மா மதினி? உன்னயத் திருப்பிப் படுக்க வைக்க எனக்கு ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்."

"நம்பரு இல்லியா?"

"இருந்தா விளிச்சிருப்பம்லா. ஒரு ஃபாரம் கெடந்தது. அத எழுதிட்டு வந்தா எந்தச் சபைண்ணு கேக்கு. நமக்கு என்னம்மா சபை? விட்டுட்டுப் போனா செவப்புல காட்டுகு. செரி, நம்ம ஆளுகளுக்கு உள்ளது இல்ல போலிருக்குண்ணு மூடிட்டேன். சாயங்காலம் திருவனந்தபுரத்து ஏஜென்சிக்கு சம்மதம் சொல்லப்போறேன்."

பாட்டையும் மூக்கையும் ஜெயபாய் தாங்கிக்கொண்டாள். சபை விஷயம் நெஞ்சில் இறங்கியது. வேலை பார்த்த காலம் முழுக்க, யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கேட்டு அவள் ஊசி போட்டதில்லை. வெறும் ஊர்க்கதை பேசும் ஆசையில் கேட்ட ஒரு கேள்வி, பாதி ஊரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த வாசலை அவள் பூ வைத்து அலங்கரித்தும் இருக்கிறாள்.

இப்போது பேசினால் மானம் போகும். பேசாவிட்டால் வேலை திருவனந்தபுரத்துக்குப் போகும், பின்னாலேயே ஷீஜாவும் போவாள். எது பரவாயில்லை என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது சொர்ணம்மாள் முகத்தைச் சுளித்தாள். ஜெயபாயின் கண் தானாகவே கட்டிலின் கால்பக்கம் போனது. உடம்பு கீழே சரிந்து, குதிகால் கட்டில் விளிம்பில் அழுந்திக் கிடந்தது.

அதற்குமேல் யோசிக்கவில்லை. எழுந்து, ஒரு தலையணையை உருவி, சொர்ணம்மாளின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, ஆபரேஷன் செய்த பக்கம் அசையாமல் பைய ஒருக்களித்துச் சாய்த்தாள். முழங்கால் முட்டுகளுக்கு நடுவில் தலையணையை வைத்தாள். சொர்ணம்மாள் நீளமாக மூச்சு விட்டாள்.

"அம்மா, யாரது?" என்றான் ராஜகுமார். "அந்தம்மாவ எங்கயோ பாத்தது மாதிரி..."

"கை கூப்பாததினால ஓர்மை வரல்ல மக்கா," என்றாள் ஜெயபாய், சொர்ணம்மாளின் முதுகைப் பார்த்துக்கொண்டே. "நீ வெரல வெச்ச மூக்கு இதுதான்."

மஸ்கட்டில் ராஜகுமார் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஏட்டி, சிரிக்க வைக்காத," என்றாள் சொர்ணம்மாள். "இடுப்பு நோவுகு."

"சிஸ்டர், நான் ஒண்ணும் மனசில வெச்சு..."

"அத விடு. இங்க கேளு. அம்மைக்கு நடுமுதுகுக்குக் கீழ தோலு செவந்திருக்கு. இன்னும் பொட்டிக் கிழியல்ல. இப்பிடியே மல்லாக்கக் கெடந்தா இன்னும் கொஞ்ச நாள்ல புண்ணாயிரும். எந்த ஏஜென்சிக்காரி வந்தாலும் செரி, மொதல்ல இதப் பாக்கச் சொல்லு. அடிக்கடி திருப்பிப் போடணும்."

ராஜகுமார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"உங்ககிட்ட ஆளு இருக்கா சிஸ்டர்?"

"இருக்கு. ஷீஜாண்ணு பேரு. நீ எந்தச் சபைண்ணு அவ கேக்கமாட்டா."

அன்று மாலையே ஷீஜா துணிப்பையோடு குழித்துறை வந்து சேர்ந்தாள்.

ஜெயபாய் நேரே யோவான் கடைக்குப் போனாள். பஸ்ஸில் அவளுக்கு ஒரு வெட்கக்கேடு புரிந்திருந்தது. புதிதாக வரும் பெண்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: நோயாளியின் அறைக்குள் போனால் வெளிச்சத்தை மறித்து நிற்காதே, சத்தம் போடாதே, கதை கேட்காதே, தண்ணீரை அவர்கள் கை எட்டும் இடத்தில் வை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவள், தன் வெப்சைட்டில் வெளிச்சத்தை மறித்து நின்று, சத்தம் போட்டு, கதை கேட்டு, தண்ணீரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"பாட்ட எடு," என்றாள்.

"உங்க பாட்டுல்லா சிஸ்டர்?"

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்லுகேன். என்னயும் எடு. போதகர எடு, மதினிய எடு. ஃபாரத்த முழுசா எடு."

"பூ?"

"பூவும் வேண்டாம். நம்பர உச்சியில போடு, கறுப்பில. நில்லு, நான் கண்ணாடிய ஊரிட்டுப் பாக்கேன். இன்னும் பெருசாக்கு. இன்னும்."

கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியும்வரை எழுத்து வளர்ந்தது. அதன் கீழே 'படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கு வந்து பராமரிக்கிறோம். யாராக இருந்தாலும் கூப்பிடலாம்' என்று ஒரு வரி, வேலை நடக்கும் ஊர்களின் பெயர் ஒரு வரி, அடியில் பழைய எண்ணிக்கை. அவ்வளவுதான். யோவான் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"வெறிச்சோடிக் கெடக்கே சிஸ்டர். ஆளுகள் என்ன நெனைப்பாவ?"

"ஒண்ணும் நெனைக்காண்டாம். விளிச்சா போதும்."

மதினி அந்த அசனத்தில் ஜெயபாய்க்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வேறு வரிசைக்குப் போய், அவள் காதில் விழுகிற மாதிரி, சிலருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று இலையிலிருந்த சாம்பாரிடம் சொன்னாள். வந்தவர்களின் எண்ணிக்கையும் முன்போல ஓடாமல் ஊர்ந்தது. காலையில் பாட்டுக் கேட்கத் திறந்த ஆள் நின்றுபோனதுதான் காரணம் என்று ரசலையன் கண்டுபிடித்துச் சொன்னார். அவருக்கு அன்று காப்பி ஆறிப்போய் வந்தது.

குழித்துறையில் முதுகுச் சிவப்பு மறைந்தது. ஷீஜா அங்கேயே நின்றாள், திருவனந்தபுரம் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சுஜி இன்னும் வீட்டில்தான் இருந்தாள். ராஜகுமார் வெப்சைட் வழியாக வந்த ஆளில்லை, வெப்சைட்டைத் தாண்டி வந்த ஆள். அது ஜெயபாய்க்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அசனம் முடிந்த அடுத்த வாரம், அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது; ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டாள். தோஹாவிலிருந்து ஒரு பெண். அப்பா கடியப்பட்டணத்தில் தனியாக இருக்கிறார், ஒரு பக்கம் கை கால் வராது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். நம்பர் எங்கே கிடைத்தது என்று ஜெயபாய் கேட்டாள்.

"உங்க வெப்சைட்ல தான். தொறந்ததும் நம்பரு இருந்தது."

ஜெயபாய் செதிள் ஒட்டிய கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்கே சுஜி வருவாள் என்றாள். அப்பாவுக்கு முழுங்கச் சிரமம் இருக்கிறதா, இரவில் எழுந்திருக்கிறாரா என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"ஒரு காரியம் சிஸ்டர், தப்பா எடுக்கப்பிடாது," என்றாள் அந்தப் பெண். "முன்னால ஒரு வாட்டி தொறந்தப்ப ஒரு வயசான அம்மா கை கூப்பியிட்டு நிண்ணாவ. அவியள அனுப்பிராதிங்க. அப்பா நல்ல கனம். தூக்கிப் பிடிக்க வலுவுள்ள ஆளு வேணும்."

பேப்பருக்குப் பின்னால் ரசலையனின் தோள் குலுங்கியது.

"அவியள எடுத்தாச்சு," என்றாள் ஜெயபாய். போனை வைத்துவிட்டு, கையைக் கழுவி, சுஜியைக் கூப்பிட்டாள்.